சத்து மாத்திரையும் புராஸ்டேட் புற்றுநோயும்: ஒரு பெருஞ்சோதனையின் வரலாறு

2008ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் வாழ்ந்த 35,000க்கும் மேற்பட்ட ஆடவர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் சென்றது. சிலர் ஏழாண்டுகளாகவும் சிலர் நான்காண்டுகளாகவும் நாள்தோறும் விழுங்கி வந்த இரண்டு மாத்திரைகளை இனி உட்கொள்ள வேண்டா என்பதே அச்செய்தி. அவர்கள் நோயாளிகள் அல்லர். 50 வயதைக் கடந்த, உடல்நலம் உடைய மனிதர்கள். புராஸ்டேட் புற்றுநோயைச் சத்து மாத்திரைகளால் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை காணத் தம் உடலைக் கொடுத்தவர்கள். அந்தக் கேள்வி எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எந்த விடையில் வந்து நின்றது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். மருத்துவ வரலாறு என்றால் வெற்றிகளின் வரலாறாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். பொய்த்துப்போன நம்பிக்கைகளுக்கும் வரலாறு உண்டு.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சிறிய சுரப்பி புராஸ்டேட். அக்ரூட் கொட்டை அளவினது. வயது ஏறஏற இதில் புற்று தோன்றுவது மிகுதி. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலை ஆராய்ந்தபோது, அவர்களுள் பலருக்கு இப்புற்று இருந்ததும், அதனை அறியாமலே அவர்கள் வாழ்ந்து முடித்ததும் தெரியவந்தது. பலருக்கு மெல்ல ஊர்ந்து செல்லும் இந்நோய் சிலருக்கு விரைந்து எலும்பைப் பற்றிக் கொன்றுவிடும். அறுவையும் கதிர்வீச்சும் உயிரைக் காக்கும் என்றாலும் சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் ஆண்மையையும் பறித்துக்கொள்வதுண்டு. எனவே, வந்தபின் தீர்ப்பதைக் காட்டிலும் வராமல் காப்பது மேல் என்ற எண்ணம் இந்நோயைப் பொறுத்தவரை இயல்பாகவே எழுந்தது. அதுவும் ஒரு மாத்திரையால் முடியுமென்றால் யார்தான் வேண்டா என்பர்?

கதையின் இரு நாயகர்களுள் மூத்தது செலினியம். 1817இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், கந்தக அமில ஆலையொன்றில் படிந்திருந்த செந்நிறக் கசடில் இதனைக் கண்டார். அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த டெல்லூரியத்தின் பெயர் பூமியைக் குறித்தது. அதற்கு உறவான இதற்கு நிலவின் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். இளையது வைட்டமின் ஈ. 1922இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் பெண் எலிகளுக்குத் தூய்மையாக்கப்பட்ட உணவை மட்டும் கொடுத்து வந்தனர். எலிகள் கருவுற்றன, கரு தங்கவில்லை. கீரையோ கோதுமை முளையோ சேர்த்தபோது தங்கியது. அந்த அறியாப் பொருளைப் பின்னர் 1936இல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தபோது, அதற்குப் பெயர் வேண்டி எவன்ஸ் தம் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் கால்ஹூனை நாடினார். மகப்பேற்றைத் தாங்குவது என்னும் பொருள்பட அவர் தந்த பெயரே டோகோஃபெரால். மொழி கற்பிப்போரை அறிவியலார் தேடி வந்த காலமும் ஒன்று இருந்திருக்கிறது.

செலினியத்தின் வரலாறு இத்துணை மங்கலமானதன்று. நெடுங்காலம் அது நஞ்சு என்றே அறியப்பட்டது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாப் பகுதியில் கால்நடைகளின் மயிர் உதிர்ந்து குளம்புகள் கழன்று விழுந்தமைக்கு, மண்ணிலிருந்து பயிரேறிய செலினியமே காரணம் என 1930களில் அறிந்தனர். 1957இல் நிலைமை தலைகீழாயிற்று. கிளாஸ் ஷுவார்ஸ் என்பார், எலிகளின் ஈரல் அழுகிப்போவதைத் தடுக்கும் பொருள்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் வைட்டமின் ஈ ஒன்று, செலினியம் மற்றொன்று எனக் கண்டார். நமது இரு நாயகர்களும் முதன்முதலில் ஒரே மேடையில் தோன்றியது அங்கேதான். சீனாவின் கெஷான் வட்டாரத்தில் குழந்தைகளையும் இளம்பெண்களையும் கொன்ற இதயத்தசை நோய், செலினியம் இல்லாத மண்ணோடு தொடர்புடையது என்பதும் செலினிய உப்பைக் கொடுத்தால் குறைகிறது என்பதும் 1970களில் உறுதிப்பட்டன. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. இரண்டுக்கும் இடையிலான வரப்போ மிகக் குறுகியது. இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். திருக்குறளின் மருந்து அதிகாரம் ஒரு மருந்தின் பெயரையும் கூறாமல் அளவைப் பற்றியே பெரிதும் பேசுவது ஏனோ இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

செலினியம் மிகுந்த மண்ணுள்ள அமெரிக்க மாநிலங்களில் புற்றுநோய்ச் சாவு குறைவு என 1969இல் ஷாம்பர்கரும் ஃபிராஸ்டும் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். இதற்கு முன்பே, 1956இல், டென்ஹாம் ஹார்மன் ஒரு கொள்கையை வைத்திருந்தார். உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு இயங்கும்போது நிலைகொள்ளாத மூலக்கூறுகள் தோன்றி உடலைத் தாக்குகின்றன; முதுமைக்கும் நோய்க்கும் அவையே வேர் என்பது அது. அப்படியானால் அவற்றை அடக்கும் பொருள்கள், அதாவது இன்று விளம்பரங்களில் நாம் ஓயாது கேட்கும் ஆன்டி ஆக்சிடன்ட்கள், புற்றையும் தடுக்க வேண்டுமல்லவா? வைட்டமின் ஈ அவ்வகையது. செலினியமோ அவ்வகைப் பணி செய்யும் ஒரு நொதியின் உறுப்பு என 1973இல் தெரிந்தது. எல்லாம் பொருந்தி வந்தன. இவ்வளவு அழகாகப் பொருந்திவரும் விளக்கங்களைக் கண்டால் சற்று அஞ்ச வேண்டும் என்பது நம் கருத்து. காய்கனி மிகுதியாக உண்போர்க்குப் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் கூறின. அந்தக் காப்பு காய்கனியிலுள்ள எந்தப் பொருளால் வருகிறது? 1981இல் ரிச்சர்ட் பீட்டோவும் உடனுழைத்தோரும் நேச்சர் இதழில், பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோயைக் குறைக்குமா என்று வினவி ஒரு கட்டுரை எழுதினர். அது முடிந்த முடிபாக எதனையும் கூறவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்த வினாக்குறியைச் சந்தை உதிர்த்துவிட்டது.

1994ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டு ஏப்ரலில் பின்லாந்துச் சோதனையின் முடிவு வெளியாயிற்று. புகைபிடிக்கும் 29,133 ஆடவரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்குச் சத்தில்லாத வெற்று மாத்திரை எனக் கொடுத்திருந்தனர். நுரையீரல் புற்று குறையும் என்பது எதிர்பார்ப்பு. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் அது 18 விழுக்காடு கூடியிருந்தது. ஆய்வுலகம் திகைத்தது. தற்செயல் என்று சிலர் தேற்றிக்கொண்டனர். 1996 ஜனவரியில் அமெரிக்காவில் 18,314 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு சோதனையும் அதே தீய விளைவைக் காட்ட, இடையிலேயே நிறுத்தப்பட்டது. அங்கே கூடுதல் 28 விழுக்காடு.

1994 ஆகஸ்டில் லைனஸ் பாலிங் காலமானார். வேதியியலுக்கும் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்ற பெருமகன். வைட்டமின் சியைப் பேரளவில் உண்டால் தடுமனும் புற்றுநோயும் விலகும் என்று இருபதாண்டுகளுக்கு மேல் வாதிட்டவர். அவர் உயிரைக் கொண்டுசென்றது புராஸ்டேட் புற்றுநோயே. இதைச் சொல்லி அவரை எள்ளுவோர் உண்டு, அது முறையன்று. அவர் 93 வயது வாழ்ந்தார் என்று அவர்தம் அன்பர்களும் திருப்பிச் சொல்லக்கூடும். ஒற்றை மனிதரின் வாழ்வையும் சாவையும் வைத்து எப்பக்கத்து வழக்கையும் நிறுவ முடியாது. சோதனைகளுக்குப் பல்லாயிரவர் தேவைப்படுவது இதனால்தான்.

அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று. சத்து மாத்திரைகளை மருந்தாகக் கருதாமல் உணவின் ஒரு வகையாகவே கொள்ளும் சட்டம் அது. மருந்து செய்வோர், தம் பொருள் பயன் தரும் என்பதை விற்பதற்கு முன்பே மெய்ப்பிக்க வேண்டும். சத்து மாத்திரை செய்வோர்க்கு அக்கடமை இல்லை. ஆக, பின்லாந்தின் எச்சரிக்கையும் சந்தையின் மடை திறப்பும் ஒரே ஆண்டில், ஆறு மாத இடைவெளியில் நிகழ்ந்தன.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1996 டிசம்பரில் அரிசோனா பல்கலைக்கழகத்து லாரி கிளார்க் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். தோல் புற்று ஒருமுறை வந்த 1,312 பேருக்கு, செலினியம் ஏற்றிய ஈஸ்ட் மாத்திரை நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் கிடைக்குமாறு கொடுக்கப்பட்டது. மீண்டும் தோல் புற்று வராமல் தடுக்குமா என்பதே அவர் கேட்ட கேள்வி. தடுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கையில் வேறொன்று தென்பட்டது. வெற்று மாத்திரை உண்டவருள் 35 பேருக்குப் புராஸ்டேட் புற்று. செலினியம் உண்டவருள் 13 பேருக்கு மட்டுமே. 63 விழுக்காடு குறைவு! ஈராண்டு கழித்து, 1998இல், பின்லாந்துச் சோதனையின் ஏடுகளைப் புரட்டியவர்களும் இதுபோன்ற ஒன்றைக் கண்டனர். நுரையீரலுக்கு உதவாத வைட்டமின் ஈ, புராஸ்டேட் புற்றை 32 விழுக்காடு குறைத்திருந்தது. வைட்டமின் ஈ உண்டவருள் 99 பேர். உண்ணாதவருள் 147 பேர்.

இரண்டும் தேடாமல் கிடைத்தவை. இவ்விடத்தில் நம் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். ஒரு சங்கப் புலவரின் பாடல்களில் இருபது சொற்களை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினால், அவற்றுள் ஒன்றேனும் பிற புலவர்களிடத்தைவிட மிகுந்து காணப்படும். தற்செயலாகவே மிகும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு புலவரின் ஊர், தொழில், மனநிலை வரை எழுதிவிடலாம்; எழுதப்பட்டும் இருக்கின்றன. முறையான வழி, அந்தச் சொல்லை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு, புதிய பாடல்களில் அது மிகுகிறதா என்று பார்ப்பதே. பழம்புலவர்க்குப் புதிய பாடல்கள் கிடைப்பதில்லை. மருத்துவர்க்கு அந்த வாய்ப்பு உண்டு, விலைதான் அதிகம்.

அந்தப் புதிய தேடலே செலக்ட் எனப் பெயரிடப்பட்ட சோதனை. செலினியம், வைட்டமின் ஈ என்பவற்றை உள்ளடக்கிய நீண்ட ஆங்கிலத் தலைப்பின் சுருக்கம் அது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் பொருள் தந்தது. எரிக் கிளைன், ஸ்காட் லிப்மன் முதலியோர் முன்னின்று நடத்தினர். 2001இல் ஆள் சேர்ப்புத் தொடங்கிற்று. ஐந்தாண்டு ஆகும் என்று கணித்திருந்தனர். மூன்றே ஆண்டில் 35,533 பேர் சேர்ந்துவிட்டனர். இந்த விரைவே அன்றைய நம்பிக்கையின் அளவுகோல். கறுப்பின ஆடவருக்கு இந்நோய் மிகுதியாகவும் இளமையிலேயும் வருவதால் அவர்களுக்கு 50 வயது, பிறருக்கு 55 வயது என வரம்பு வைத்தனர். சேர்ந்தவர்கள் நான்கு பிரிவாயினர்: செலினியம் மட்டும் 200 மைக்ரோகிராம், வைட்டமின் ஈ மட்டும் 400 அலகு, இரண்டும், இரண்டுமின்றி வெற்று மாத்திரைகள். எவருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. தொடக்கத்திலேயே அவர்களிடமிருந்து ரத்தமும் கால்நகத் துணுக்குகளும் பெற்றுச் சேமித்தனர். உண்ணும் செலினியம் நகத்தில் படிந்து பல மாதக் கணக்கைக் காட்டும் என்பதால் நகம். வெட்டி எறியும் நகமும் ஒருநாள் சாட்சி சொல்ல வரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

சோதனையின் தொலைவிலிருந்து கண்காணிக்கும் தனிக்குழுவொன்று, முடிவுகளை அவ்வப்போது திறந்து பார்க்கும் உரிமை பெற்றிருந்தது. 2008 செப்டம்பரில் அக்குழு கூடி ஆராய்ந்தது. குறைந்தது 25 விழுக்காடு காப்பு கிடைக்கும் என்ற கணிப்பில் தொடங்கிய சோதனை. எத்தனை ஆண்டு நீட்டினாலும் அது கிடைக்கப் போவதில்லை என்று தெளிவாயிற்று. அதைவிடக் கவலை தந்தது மற்றொன்று. வைட்டமின் ஈ மட்டும் உண்டவரிடம் புராஸ்டேட் புற்று சற்றுக் கூடுதலாகத் தோன்றியது. தற்செயல் என்று தள்ளவும் இயலாத, உறுதி என்று கொள்ளவும் இயலாத நிலை. அக்டோபரில் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஆயினும் அம்மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஆய்வாளர்களின் இந்த முடிவை நாம் பெரிதும் மதிக்கிறோம். பயனில்லை என்று அறிந்தவுடன் கடையைக் கட்டியிருந்தால் அடுத்து வந்த உண்மை வெளிப்பட்டிருக்காது.

2011 அக்டோபரில் அது வெளிவந்தது. வெற்று மாத்திரைப் பிரிவில் 529 பேருக்குப் புராஸ்டேட் புற்று. வைட்டமின் ஈ மட்டும் உண்ட பிரிவில் 620. ஏறத்தாழ 8,700 பேர் கொண்ட சமமான இரு பிரிவுகள். அதாவது 17 விழுக்காடு கூடுதல். இம்முறை தற்செயல் என்று ஒதுக்க முடியாதது. செலினியம் மட்டும் உண்டவருள் 575, இரண்டும் உண்டவருள் 555. இவ்விரண்டின் மிகுதியும் தற்செயலின் எல்லைக்குள் அடங்குவன. மாத்திரையை நிறுத்திய பின்னரும் கேடு தொடர்ந்து வெளிப்பட்டது என்பதே இதில் நெஞ்சை உறுத்துவது. ஏழாண்டுக் காலத்தில் ஆயிரம் பேரில் 65 பேருக்கு வரக்கூடியது 76 பேருக்கு வந்தது.

இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு 91 பேர். அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் யார் என்பதை எவரும் சுட்டிக்காட்ட முடியாது. அந்த 620 பேருள் பெரும்பாலோர்க்கு மாத்திரை இல்லாவிட்டாலும் நோய் வந்திருக்கும். உனக்கு மாத்திரையால் வந்தது, உனக்கு இயல்பாக வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. தனி மனிதர் கண்ணுக்குத் தெரியாத கேடு இது. எண்ணிக்கையின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். சோதனைக்கு வெளியே, கடையில் தாமே வாங்கி இதே 400 அலகை விழுங்கியவர்களைப் பற்றி எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வெற்று மாத்திரைப் பிரிவு என ஒன்று இல்லை; எனவே கேடு நேர்ந்திருந்தாலும் அதற்குச் சான்றும் இல்லை. தீங்கில்லாத சத்துதானே, இதற்கு ஏன் இத்தனை பொருட்செலவில் ஒரு சோதனை என்று கேட்பவர்களுக்கு இதனினும் தெளிவான மறுமொழியை நாம் அறியோம்.

காப்பதாகக் கருதியது ஏன் கெடுத்தது? உறுதியான விடை கிடைத்துவிட்டதாகச் சொல்லமாட்டோம். முந்தைய சோதனைகளோடு வேறுபாடுகள் பல இருந்தன. பின்லாந்தினர் புகைபிடிப்போர், உண்டது 50 மில்லிகிராம் மட்டுமே. கிளார்க்கின் சோதனைக்கு ஆள் கிடைத்த பகுதிகள் மண்ணில் செலினியம் குறைந்தவை. செலக்ட் சோதனையினரின் ரத்தத்திலோ தொடக்கத்திலேயே செலினியம் மிகுதி. குறையுள்ள இடத்தில் நிரப்புவதும் நிறைந்த இடத்தில் ஊற்றுவதும் ஒன்றாகா.

2014இல் கால்நகங்கள் பேசின. ஆலன் கிறிஸ்டல் தலைமையில், நோயுற்ற 1,739 பேரையும் ஒப்பிடுவதற்காகத் தேர்ந்த 3,117 பேரையும் கொண்டு, சேமித்திருந்த நகங்களில் செலினியத்தை அளந்தனர். தொடக்கத்திலேயே செலினியம் மிகுந்திருந்தவர்கள் மேலும் செலினியம் உண்டபோது, கடுமையான வகைப் புற்றின் வாய்ப்பு 91 விழுக்காடு கூடியது. செலினியம் குறைந்திருந்தவர்களுக்கு வைட்டமின் ஈ கேடு செய்தது. மொத்தப் புற்றின் வாய்ப்பு 63 விழுக்காடு மிகுந்தது. நிரப்பினால் நன்மை வரும் என்று எதிர்பார்த்த குறையுள்ளோர்க்கும் செலினியம் காப்பளிக்கவில்லை. 2011இல் தற்செயலின் எல்லைக்குள் அடங்கியதாகத் தோன்றிய செலினியத்தின் மறுமுகம், ஆடவரை ஒரே கூட்டமாகப் பாராமல் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதே ஆண்டு சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று வந்தது. அது நுரையீரல் புற்றைப் பற்றியது. ஆயினும் இங்கே குறிப்பிடத்தக்கது. உயிரணு சேதமுறும்போது விழித்தெழுந்து அதன் பெருக்கத்தை நிறுத்தும் காவல் புரதம் ஒன்று உண்டு. பி53 என்பது அதன் பெயர். வைட்டமின் ஈ சேதத்தைக் குறைத்தது. சேதம் குறையவே காவலன் விழிக்கவில்லை. அரும்பி நின்ற புற்று விரைந்து வளர்ந்தது. நம் உடலணுக்களைக் காக்கும் பொருள் புற்றணுவையும் பாரபட்சமின்றிக் காக்கும் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். ஐம்பது, அறுபது வயது ஆடவர் பலரின் புராஸ்டேட்டில் அரும்புநிலைப் புற்று முன்பே குடியிருக்கிறது என்று தொடக்கத்தில் கூறினோம். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றுகிறது; இணைப்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம். அழகாகப் பொருந்திவரும் விளக்கங்களுக்கு அஞ்ச வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

பிற சோதனைகளும் வேறு கதை சொல்லவில்லை. அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 14,641 பேர் தாமே பங்கேற்ற நீண்ட சோதனையில், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ட வைட்டமின் ஈயும் நாள்தோறும் உண்ட வைட்டமின் சியும் புராஸ்டேட் புற்றைக் குறைக்கவில்லை. 2018இல் வெளியான, 25,871 பேரைக் கொண்ட சோதனையில் வைட்டமின் டி, மீன் எண்ணெய் ஆகிய இரண்டும் புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை. 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, புற்றுநோயையோ இதயநோயையோ தடுக்கும் பொருட்டு வைட்டமின் ஈயையும் பீட்டா கரோட்டினையும் உண்ண வேண்டா என்றே பரிந்துரைத்தது. இவை குறைபாட்டு நோய்களுக்கு மருத்துவர் தரும் சத்து மாத்திரைகளைப் பற்றியனவல்ல. கெஷான் குழந்தைகளைச் செலினியம் காத்தது பொய்யாகிவிடவில்லை. காய்கறியும் கீரையும் உண்பதை விடுக என்பதும் இதன் பொருளன்று. கீரையிலிருந்து ஒன்றைப் பிரித்து, பன்மடங்கு செறிவாக்கி, குளிகையில் அடைத்தபின் அது கீரையின் பண்புடையதாக இருக்கும் என்ற எண்ணமே பொய்த்தது.

1994ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வைட்டமின் ஈ 400 அலகுக் குளிகை அமெரிக்கக் கடைகளில் மருத்துவர் சீட்டின்றியே கிடைக்கிறது. நம்மூர் மருந்துக்கடைகளிலும் பச்சை நிறக் குளிகைகளாக முகப்பொலிவுக்கும் தலைமுடிக்கும் என்று விற்பனையாகிறது. உடலின் இன்ன பணிக்கு உதவும் என்று அமெரிக்கப் புட்டியில் அச்சிட்டால், அக்கூற்றை அரசு மதிப்பிடவில்லை என்றும், எந்த நோயையும் கண்டறியவோ தீர்க்கவோ தடுக்கவோ இப்பொருள் உரியதன்று என்றும் உடன் அச்சிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு விதி. மிகச் சிறிய எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும்.